கடைசிக் கடலின் பாறை

லே, லடாக்
14.6.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்ணன் எழுதுவது. மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, பசியும் எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே நான் நன்றாக இருப்பதாக நீ நம்பலாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் மாமாவிடம் சொல்லி வாங்கிக்கொள்.

பனி விலகிப் பாதை திறந்ததும் லக்னோவிலிருந்து எங்கள் சர்வே குழு இங்கே வந்து சேர்ந்தது. அக்டோபர், நவம்பர் வரை இங்கேதான். இந்த வருடம் எங்களுக்குக் கொடுத்திருக்கும் இடம் ஹெமிஸ் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியை நினைத்துக்கொள்ளாதே. புதிதாகப் பிரித்தார்களே நம் தேனி மாவட்டம், அதை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இடம் இருக்கும். மரமே அபூர்வம். மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அவ்வளவுதான். பனிச்சிறுத்தை உண்டு என்கிறார்கள். நான் பார்த்தது கால்தடம் மட்டும்.

எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்துப் படத்தில் குறிப்பது எங்கள் வேலை. இங்கே பாறைகள் படுத்துக் கிடக்கவில்லை. அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ஒன்று சிவப்பு, அடுத்தது பச்சை, அதற்கடுத்தது கத்தரிப்பூ நிறம். நேற்று ஒரு சாம்பல் நிறப் பாறையில் கடல் பிராணிகளின் ஓடுகளைப் பார்த்தேன். வட்ட வட்டமாக, காசைக் கொட்டி வைத்தது போல. நம் சுருளி மலையைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் கடல்! ஒரு காலத்தில் இங்கே கடல்தான் இருந்தது. நம்முடைய நிலம் தெற்கேயிருந்து மெல்ல நகர்ந்து வந்து முட்டியதில் கடல் போய்விட்டது. அதன் தரை மலையாகிவிட்டது.

இங்கே புதிதாக வருகிறவனிடம் பேர் கேட்பதற்கு முன்னால் பூட்ஸ் அளவைக் கேட்கிறார்கள். அளவு தப்பினால் ஏறியவன் இறங்க முடியாது.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் வேல்விழிக்கு: அம்மா சொல்வதை ஒன்றும் விடாமல் எழுது. போன வருடம் நீ திருத்தித் திருத்தி எழுதியதில் அம்மாவின் திட்டு ஒன்றுகூட வந்து சேரவில்லை.

எட்டு மணி வரை இங்கே வெளிச்சம் இருக்கிறது. அங்கே இந்நேரம் விளக்கு வைத்திருப்பீர்கள்.

உன் மகன்,
கர்ணன்


சுருளிப்பட்டி
3.7.1997

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

அத்தை சொல்ல, வேல்விழி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் கேட்டபடி திருத்தாமல் எழுதுகிறேன்.

"ஏலே கர்ணா, எம் முழங்காலு கெடக்கு, அது எங்கிட்டும் ஓடிப் போகாது. ஏன்லே, இங்கன இல்லாத கல்லா அங்கன இருக்கு? நம்ம ஊருல கெணறு வெட்டுனா கல்லு, கடக்கால் தோண்டுனா கல்லு, ரேசன் அரிசியிலயும் கல்லு. இம்புட்டையும் விட்டுட்டு வடக்க போயி மூச்சு வாங்கிக்கிட்டுக் கல்லு பொறுக்குற. சிறுத்தை காலத்தான் பாத்தேன்னு எழுதியிருக்க. காலு இருந்தா மேல ஒடம்பும் இருக்கும்ல? சாக்கிரதையா இரு. மலைக்கு மேல கடலு இருந்துச்சுன்னு நீ எழுதுனத ஒங்க மாமாவுக்கு வாசிக்கச் சொன்னேன். 'மருமகனுக்குக் குளிரு மண்டையில ஏறிருச்சு, தலையில துண்டக் கட்டிக்கச் சொல்லு'ன்னாக."

அப்பா அப்படித்தான் சொன்னார். ஆனால் மறுநாள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது, "கடலு போனா உப்பும் போயிருக்குமா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கம்பம் நூலகத்தில் பூமியைப் பற்றி ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. யாரும் எடுத்ததற்கான அடையாளமே இல்லை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

பந்தலில் திராட்சை கறுக்கத் தொடங்கிவிட்டது. அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். சின்னமனூரில் ஒரு வாத்தியார். வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் சொல்ல அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை இன்னும் ஒன்று எழுதச் சொன்னார்கள். தாளில் இடம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேல்விழி


மார்க்கா ஆற்றங்கரை முகாம் (லே வழி)
26.7.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் திட்டு முழுசாக வந்து சேர்ந்தது. கூடாரத்தில் எல்லோருக்கும் இந்தியில் சொன்னேன். எங்கள் சமையல்காரர் உன் கட்சி. "அம்மா கேட்டது நியாயம்தானே, அங்கே இல்லாத கல்லா?" என்கிறார். தலையில் துண்டு கட்டியிருப்பதாக மாமாவிடம் சொல். உப்பு போகவில்லை என்றும் சொல். கிழக்கே சில ஏரிகள் இன்னும் கரிக்கின்றன. அது அந்தக் கடலின் மிச்சம் இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

அம்மா, நம் ஊர்க் கல்லைக் குறைவாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. இந்த மலையெல்லாம் குழந்தை. சுருளி மலையின் கல்லுக்கு இந்தக் கடற்பாறையைப் போலப் பத்து மடங்கு வயது. பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்த கல் அது. அதற்கு மேலே ஒரு காலத்தில் இங்கே நிற்பது போன்ற மலைகள் நின்றிருக்க வேண்டும். எல்லாம் கரைந்து போய், அடிவேர் மட்டும் இப்போது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

வேல்விழி, தாளில் இடம் இல்லை என்று எழுதியிருந்தாய். கடைசி மடிப்பில் நாலு விரல் அகலம் வெறுமையாகத்தான் இருந்தது. நான் இங்கே நாளெல்லாம் தேடுவதும் அப்படி ஓர் இடத்தைத்தான். முகாமுக்கு எதிரே ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. ஒரு பக்கம் ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். இந்த நிலத்தில் கடைசியாக இருந்த கடல் அது. அதை ஒட்டியே ஆற்றுக் கூழாங்கற்கள் இறுகிய பாறை. கடலும் ஆறும் உள்ளங்கை வைக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே லட்சக்கணக்கான வருடங்கள் காணோம். ஒன்றுமே படியவில்லையா, படிந்தது அரித்துப் போனதா என்று அந்தப் பாறை சொல்லாது. சில சமயம் பக்கத்து மலையில் போய்த் தேடினால் கிடைக்கும்.

இரண்டும் சேரும் அந்தக் கோட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்திருப்பேன். வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்.

வாத்தியார் என்ன பாடம் நடத்துகிறார்?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கர்ணன்


சுருளிப்பட்டி
17.8.1997

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

அத்தைக்கு முழங்கால் தேவலை. நீங்களும் அங்கே சுகம்தான் என்பது உங்கள் கடிதத்தின் நீளத்திலிருந்து தெரிந்தது.

கணக்கு நடத்துகிறார்.

அத்தை என் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார்கள். "நான் கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலியே அவன்? எழுதுனியா இல்லியா?" என்கிறார்கள். "எழுதினேன்" என்றேன். "அப்ப இன்னொருக்க எழுது, அழுத்தி எழுது" என்கிறார்கள். கால் தைலத்தைப் பற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதற்குப் பிறகு நம் தோட்டத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. பந்தலுக்கு நட்டிருக்கும் கல்தூண்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பிறந்ததிலிருந்து அவற்றில் சாய்ந்திருக்கிறேன், துணி காயப் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடுகிறது. சில தூண்களில் பட்டை நேராக, சிலவற்றில் கூந்தலை முறுக்கிப் பிழிந்தது போல. கிணற்று மேட்டுக்குப் பக்கத்துத் தூணில் மட்டும் மாதுளை முத்து மாதிரி சிவப்பு மணிகள் இருக்கின்றன. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அப்பா பார்த்துவிட்டு, "கல்லப் பாத்துச் சிரிக்கிற, மாப்பிள்ள வீட்டுக்காரக பாத்தா என்ன நெனப்பாக?" என்றார்.

அந்த மணி என்ன என்று எழுதுங்கள். நீங்கள் கை வைத்திருக்கும் அந்தக் கோடு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? காலையில் வெயில் அதன் மேல் விழுமா? எனக்கு அந்தப் பாறை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சுருளி அருவியைத் தாண்டி நான் எந்த மலையும் ஏறியதில்லை.

அத்தை சொன்னதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அவர்களிடம் எழுதிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

வேல்விழி


லே
4.9.1997
(தபால் கார்டு)

அம்மா,

சுகம். நாளை மேல் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். குதிரை போகிற வழிதான், தபால் வராது, போகாது. வர அக்டோபர் பாதி தாண்டிவிடும். கவலைப்படாதே.

வேல்விழிக்கு: கோடு கிழக்கைப் பார்த்திருக்கிறது. காலையில் முதல் வெயில் அதன் மேல்தான். கணக்கு வாத்தியார் என்றால் ஒழுங்கானவராக இருப்பார். மாமா நல்ல இடமாகத்தான் பார்ப்பார்.

கர்ணன்


தேனி
25.9.1997

"ஏலே கர்ணா, இத வேல்விழி எழுதல. பழ மண்டி வச்சிருக்காகள்ல வினோத்ராஜு, அவுக வீட்டுச் சுகிர்தம் எழுதுது. கண்ணாடி மாத்தத் தேனிக்கு வந்தேன், அப்படியே இங்கன உக்காந்துட்டேன். நான் சுகந்தான்.

ரெண்டு காயிதத்துல ஒங்கிட்ட கேட்டாச்சு. 'வேல்விழிய ஒனக்குக் கட்டணும்னு எனக்கு ஆசை, ஒனக்குச் சம்மதமா'ன்னு. நீ சிறுத்தையப் பத்தி எழுதுற, கூழாங்கல்லப் பத்தி எழுதுற, இதுக்கு மட்டும் வாயில கொழுக்கட்டையா? கடைசிக் கார்டுல, மாமா நல்ல எடமாத்தான் பாப்பாகன்னு எழுதிட்ட. வெளங்கிருச்சு.

அண்ணன் எனக்காகத்தான் பொறுத்திருந்தாக. எத்தன நாளைக்குப் பொறுப்பாக, பொண்ணப் பெத்தவுக? நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியும். முறைகாரன் வீட்டுல வெத்தலய வாங்கி மென்னாத்தான் பொண்ண வெளிய குடுக்கலாம். புரட்டாசி கழியவும் அண்ணன் தட்டோட வருவாக. ஒனக்குப் பதிலா நான் வாங்கிக்கிறேன். ஒம்மேல கோவமில்லடா. பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளைய நான் இம்புட்டு நாள் மருமகளா நெனச்சுத் தொலைச்சிருக்க மாட்டேன்."

தம்பி, சுகிர்தம் எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. "அந்த இரண்டு கடிதத்தையும் யாரை எழுதச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "வேல்விழியத்தான், வேற யாரு இருக்கா எனக்கு?" என்றார்கள். நானும் பெண்தான் தம்பி. அந்தக் கேள்வி உங்களை வந்து சேர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

சுகிர்தம்


தந்தி
லே, 24.10.1997

PONNATHAL SURULIPATTI
VETHILAI VANGATHE AMMA
KARNAN


சுருளிப்பட்டி
27.10.1997

அத்தான் அவர்களுக்கு,

இது நானாக எழுதும் கடிதம். அத்தை சுகமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு இது தெரியாது.

சனிக்கிழமை தபால்கார மலைச்சாமி அண்ணன் சைக்கிளில் தந்தியோடு வந்தார். தந்தி என்றதுமே அத்தை தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். "எம்பிள்ளைக்கு என்னாச்சு, எம்பிள்ளைக்கு என்னாச்சு" என்று ஒரே ஓலம். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். மலைச்சாமி அண்ணன் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி, "வெ... த்தி... லை" என்று நிறுத்தினார். கூட்டத்தில் ஒருவர், "ஏப்பா, அங்கன சீனாக்காரன் வெத்தல விக்கிறானா?" என்றார். நான் வாங்கிச் சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே அப்பா தட்டோடு போயிருந்தார். அத்தை தட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வெற்றிலையை வாயில் போடவில்லை. "பல்லு வலிக்குதுண்ணே" என்றார்கள். "பாக்க இடிச்சுத் தாரேன்" என்றார் அப்பா. "ஈறும் வீங்கிக் கெடக்கு" என்றார்கள். ஆறு நாளாக வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, தினமும் அப்பா வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முறுக்குத் தின்றதை நான் பார்த்தேன். தந்தியைக் கேட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, பல்லு வலி பொய்யி" என்றார்கள்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை கேட்கச் சொன்னதை நான் எழுதவில்லை. பேனாவை வைத்தேன், நகரவில்லை. முறை என்று கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மா மனம் நோகக் கூடாது, மாமா முகம் வாடக் கூடாது என்று சம்மதம் எழுதிவிடுவீர்கள். அப்படி வருகிற சம்மதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் நான் என்ன செய்வது?

கார்டில், மாமா நல்ல இடமாகத்தான் பார்ப்பார் என்று எழுதினீர்கள். அதை அத்தைக்கு வாசித்துக் காட்டியவளும் நான்தான். குரல் மாறாமல் வாசித்தேன்.

இப்போது தந்தி. அதிலும் அம்மாவுக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள். வெற்றிலை வாங்க வேண்டாம் என்று. என்னிடம் இதுவரை நீங்கள் எதுவும் கேட்கவில்லை.

வாத்தியார் வீட்டுக்கு அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து சொல்ல வேண்டும்.

பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். கவனமாக இருங்கள்.

வேல்விழி


லே
9.11.1997

விழி,

நான் சுகம். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து சாப்பாடுதான் இறங்கவில்லை.

முதலில் நீ கேட்டது. அந்தச் சிவப்பு மணியின் பேர் கார்னெட். பூமிக்குள் மிக ஆழத்தில், சாதாரணக் கல் தாங்காத சூட்டிலும் அழுத்தத்திலும் விளைவது. அந்தத் தூண் அவ்வளவு ஆழத்தில் இருந்து வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. தூணை மாற்ற வேண்டாம் என்று மாமாவிடம் சொல்.

நாலு விரல் அகல வெற்றிடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக எழுதினேனே, அதற்குள் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. தேனியிலிருந்து சுகிர்தம் அக்கா எழுதிய பிறகுதான் தெரிந்தது. கடிதம் லேயில் மூன்று வாரம் காத்துக் கிடந்திருக்கிறது. படித்ததும் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா வாங்க மாட்டேன் என்றார். எல்லைப் பகுதியாம், புரியாத பாஷையில் இருப்பது ராணுவச் சங்கேதமாக இருக்கலாமாம். வெற்றிலை வாங்காதே என்று அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று இந்தியில் விளக்கினேன். "இதற்கா தந்தி?" என்று இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். அந்த வெற்றிலையை வாங்கினால் எனக்குப் பெண் போய்விடும் என்றேன். மறு பேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தார். ஆக, உன்னைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

கார்டில் அப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. நீ இவ்வளவு படித்தவள். முறை இருக்கிறது என்று உன்னை நான் கேட்டால், மாமா வீட்டில் உன்னால் மறுக்க முடியாது. கல்தூணில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பவளை அப்படிப் பிடித்துக்கொண்டு போகிறவனாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். நீ எந்தக் காரணத்துக்காக எழுதாமல் விட்டாயோ, அதே காரணம்.

முறையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள உனக்கு விருப்பமா?

தெரிந்து பதில் சொல். வருடத்தில் பாதி எனக்கு மலையில்தான். அடுத்த ஜூனிலும் இதே பள்ளத்தாக்கு. வேறு வேலை எனக்குத் தெரியாது, தேடவும் மாட்டேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போதெல்லாம், நீ இருந்தால் என்ன கேட்பாய் என்று யோசிப்பது பழக்கமாகிவிட்டது. காலை வெயில் விழுமா என்று கேட்டாயே, அந்தப் பாறையை நாள்தோறும் பார்த்தும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீ கேட்ட பிறகு ஒரு நாள் இருட்டோடு எழுந்து போய்ப் பார்த்தேன். விழுகிறது. முதலில் ஓடுகள் மின்னுகின்றன. கூழாங்கல் பக்கம் கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

வாத்தியார்தான் என்றால் அதையும் நேராக எழுது. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நாளை மலை இறங்குகிறோம். இனி லக்னோ முகவரிக்கு எழுது.

கர்ணன்


சுருளிப்பட்டி
25.11.1997

அன்புள்ள உங்களுக்கு,

லக்னோவில் சாப்பாடு இறங்குகிறது என்று நம்புகிறேன். இங்கே மழை நின்று, பந்தலில் கொடி வெட்டும் கவாத்து முடிந்துவிட்டது. கிணற்று மேட்டுத் தூண் பத்திரமாக இருக்கிறது. அப்பா அதற்குச் சந்தனம் வைத்துவிட்டார். ஆழத்தில் இருந்து வந்ததென்றால் சாமியாகத்தான் இருக்கும் என்கிறார்.

சின்னமனூருக்கு அப்பாவே நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார். அவர்கள் வருத்தப்படவில்லையாம். "முறை இருக்கும்போது நாங்க ஏன் குறுக்க வரணும்?" என்றார்களாம். எல்லோரும் முறை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை சொல்கிறார்கள், திருத்தாமல் எழுதுகிறேன்: "ஏலே, அந்த வெத்தலய மாட்டுக்குப் போட்டாச்சு. பல்லு வலி சுத்தமாச் சரியாப் போச்சு. எப்ப வேணும்னாலும் மெல்லலாம், ஒங்க நிச்சயத்துக்குப் புதுசா வாங்கிட்டு வா. இந்தத் தடவ இவ நான் சொல்றத எழுதுறாளான்னு தெரியல. சுகிர்தத்துகிட்ட வாசிக்கச் சொல்லிப் பாத்துத்தான் தபால்ல போடுவேன்."

ஆகவே இதற்குக் கீழே எழுதுவதைச் சுகிர்தம் அக்காவும் படிப்பார்கள். பரவாயில்லை.

ஜூனில் பாதை திறந்ததும் வருகிறவர்களுக்கு என்ன கம்பளி வேண்டும்? தேனி பஜாரில் விசாரித்தேன். மேகமலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் போடுகிற ஸ்வெட்டர்தான் கிடைக்கிறது. அது போதுமா, லக்னோவில் வாங்கிக்கொள்ளலாமா? ஓடுகள் மின்னும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் இருட்டோடு ஏற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஏறிவிடுவேன். இறங்குவதுதான் கவலை.

என் கால் அளவு ஐந்து.

வேல்விழி